குண்டும் போடாது, படமும் எடுக்காது: அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானப்படை, வயர்லெஸ் பேச்சைக் கடத்துவதற்காக மட்டுமே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டது என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ராணுவத்தின் வயர்லெஸ் பிரிவில் இருந்த பழைய சிக்னல்ஸ்காரனான எனக்கே ஆச்சரியம். இந்த இதழ் முழுக்க அதுதான். மூட்டுவலிக்கும் கத்தரிச் செடிக்கும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சண்டைக்குப் போற விமானம்னா குண்டு போடணும், இல்லன்னா படம் எடுக்கணும். சும்மா வானத்துல வட்டம் அடிக்கதுக்கு ஒரு விமானமா அண்ணாச்சி? அதுல என்ன லாபம்?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

லாபம் இருக்கிறது தம்பி. மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒருவர் கையில் வயர்லெஸ் செட்டோடு நிற்கிறார், மேலே நாலுமுக்கு எஸ்டேட் பக்கம் இன்னொருவர் நிற்கிறார் என்று வையுங்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் பெரிய தூரமே இல்லை. ஆனால் நடுவில் மலை. போலீஸும் வனத்துறையும் ராணுவமும் கையில் வைத்திருக்கிற வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். செட்டுகளின் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி, ஏறக்குறைய நேராகத்தான் போகும், மலை குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். மலையே இல்லாத சமதரை என்றாலும் பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அலை தரையை விட்டு விலகி வானத்துக்குப் போய்விடும்.

இதற்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை எட்டுகிற அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். நெஞ்சு உயரத்தில், ஒன்றரை மீட்டரில் செட்டைப் பிடித்திருக்கிற ஆளுக்கு 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5 என்றால் மொத்தம் பத்து, அதுவும் நடுவில் வீடு, மரம், மேடு எதுவும் இல்லாமல் இருந்தால். அதே ஆன்டெனாவை 10,000 மீட்டர் உயரத்தில் ஒரு விமானத்தில் வைத்தால் 412 கிலோமீட்டர்! திருநெல்வேலிக்கு நேர் மேலே அந்த விமானம் வட்டமடித்தால் வடமேற்கே கொச்சி, வடக்கே சேலம், தென்கிழக்கே கொழும்பு எல்லாமே அதன் கண்ணுக்குள் அடக்கம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் எஃப்.எம். திருநெல்வேலியில் எப்படிக் கேட்கிறது? நேர்க்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆனால் கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள், 190 பக்கம் வரும். எண்பதுகளில் மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, "இன்னும் கொஞ்சம் திருப்புல... இப்ப தெரியுது... ஐயோ போச்சு" என்று கத்திக்கொண்டே ரூபவாஹினி பார்த்த தலைமுறைக்கு உயரத்தின் அருமை தெரியும். விமானம் செய்வதும் அதேதான். கொடைக்கானல் மலையைப் பெயர்த்து, வேண்டிய இடத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

உயரம் கிடைத்துவிட்டால் பவர் பெரிய விஷயமே இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ரிப்பீட்டர் (வாங்கிய பேச்சை அப்படியே திருப்பி விடுகிற கருவி) இருக்கிறது, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 5 வாட் கைசெட்டை வைத்துக்கொண்டு அதன் வழியாகப் பேசுகிறார்கள். நடுவில் மறைப்பு இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: விமானத்துக்குள்ளே ஒருத்தர் உட்கார்ந்து, கீழே சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வாரா?
(வாசகி, வீரவநல்லூர்)

அப்படியும் செய்ததுண்டு அக்கா. ஆபத்துக்கு இன்றும் செய்வார்கள். ஆனால் பொதுவாக மெஷின்தான் செய்யும். வானொலியில் "டெல்லியிலிருந்து அஞ்சல் செய்கிறோம்" என்பார்களே, அந்த அஞ்சல்தான் இது. ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் விடும். ஏன் இரண்டு அலைவரிசை? கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று காது கிழியும் இல்லையா, அதே கதைதான். தான் விடுகிற சத்தமே தன் காதில் விழுந்தால் கீழே இருந்து வருகிற மெல்லிய பேச்சு எங்கே கேட்கும்? அதனால் இரண்டையும் தள்ளி வைத்து, நடுவில் ஃபில்டர் போட்டுப் பிரிப்பார்கள். ஒரே விமானத்தின் உடம்பில் பத்துப் பதினைந்து ஆன்டெனாக்களை ஒன்றையொன்று கெடுக்காமல் ஒட்டவைப்பதுதான் இதில் தலைவலி பிடித்த வேலை.

இன்னொரு தலைவலியும் உண்டு. உயரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் கேட்கும், கேட்க வேண்டாததும் கேட்கும். 400 கிலோமீட்டர் சுற்றளவில் அதே அலைவரிசையில் எவன் பேசினாலும், எதிரி வேண்டுமென்றே இரைச்சல் போட்டாலும், எல்லாம் அந்த ஒரு ஆன்டெனாவில் வந்து விழும்.

கேள்வி: அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கடல் தாண்டி வந்து நம் வீட்டில் பாடியது. அந்த மாதிரி சிற்றலையில் பேசிவிட்டுப் போகலாமே, எதற்கு விமானச் செலவு?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி ஐயா. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும், அதனால் ஆயிரம் கிலோமீட்டரும் போகும். ராணுவம் இன்றும் வைத்திருக்கிறது. ஆனால் தொல்லைகள் நீங்களே அறிந்தவை: பகலில் ஒரு மீட்டரில் வரும், ராத்திரி வேறு மீட்டருக்கு மாற்ற வேண்டும், நல்ல பாட்டு வரும்போதுதான் அலை ஏறி இறங்கும். தரையோடு போகிற அலை தீர்ந்த இடத்துக்கும், வானத்தில் பட்டு இறங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒன்றுமே கேட்காத ஊமைப் பட்டை ஒன்று விழும். நீளமான கம்பி ஆன்டெனா வேறு வேண்டும், அதைக் கட்டிக்கொண்டு எவனும் ஓட முடியாது. வீடியோ, வரைபடம் அனுப்புகிற அளவுக்கு அதில் இடமும் இல்லை. பாட்டுக் கேட்கப் போதும், பத்து நொடியில் பதில் வர வேண்டிய இடத்தில் நம்ப முடியாது.

கேள்வி: செயற்கைக்கோள் இருக்கும்போது விமானம் பழைய டெக்னாலஜி இல்லையா? இந்தியாவுக்கே ஜிசாட்-7 இருக்கிறதே.
(பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

ஜிசாட்-7 கடற்படைக்காக 2013-இலும், ஜிசாட்-7ஏ விமானப்படைக்காக 2018 டிசம்பரிலும் மேலே போனது. சரி. ஆனால் அவை இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சாதாரணக் கைசெட்டின் குரல் அங்கே எட்டாது தம்பி, அதற்கென்று தனிச் செட்டு, வானத்தில் சரியான திசையைப் பார்க்கிற ஆன்டெனா எல்லாம் வேண்டும். இடுக்கான பள்ளத்தாக்கில் நின்றால் அந்தத் திசையில் மலைச்சுவர் இருக்கும்.

2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணம். அமெரிக்கக் கடற்படையின் நான்கு பேர் கொண்ட சிறு குழு மலைச்சரிவில் மாட்டிக்கொண்டது. பாறை மறைவில் இருந்து பேசினால் தொடர்பு கிடைக்கவில்லை. குழுத் தலைவர் லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி, தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்து நின்று பேசினார். உதவி கேட்டார். சுடப்பட்டார். நால்வரில் ஒருவர்தான் உயிரோடு திரும்பினார், உதவிக்குப் போன ஹெலிகாப்டரும் வீழ்த்தப்பட்டு அதில் இருந்த 16 பேரும் போனார்கள். மர்ஃபிக்கு இறந்தபின் கொடுத்த உயர்ந்த பதக்கத்தின் சான்றிதழிலேயே அவர் வெளியே வந்து பேசியது எழுதப்பட்டிருக்கிறது. வயர்லெஸ் பிடித்தவன் எவனும் அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

இந்த மாதிரி மலைநாட்டு அனுபவங்களுக்குப் பிறகுதான் 'பேக்கன்' என்ற கருவியை அமெரிக்க விமானப்படை அவசரமாகக் களத்தில் இறக்கியது. பணக்காரர்கள் பறக்கிற பம்பார்டியர் குளோபல் எக்ஸ்பிரஸ் ஜெட்டை வாங்கி, உள்ளே ரேடியோக்களை அடுக்கி, இ-11ஏ என்று பெயர் வைத்தார்கள். ஆளில்லாத குளோபல் ஹாக்கிலும் அதே கருவியை ஏற்றினார்கள், அது ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கு மேல் மேலேயே இருக்கும். அஞ்சல் வேலையோடு பேக்கன் மொழிபெயர்ப்பு வேலையும் பார்க்கும். தரைப்படையிடம் ஒரு வகை செட்டு, போர் விமானத்தில் வேறு வகை, இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. பேக்கன் நடுவில் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கும். "வானத்து வைஃபை" என்று அங்கே செல்லப்பெயர்.

ஆனால் விமானம் மலையைப் போல நிலையாக நிற்பதில்லை, எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். ஒன்று மேலே என்றால் இன்னொன்று கிளம்பத் தயாராக, மூன்றாவது பணிமனையில். 2020 ஜனவரி 27 அன்று ஒரு இ-11ஏ கஜினி மாகாணத்தில் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். யாரும் சுடவில்லை. இடது எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது, அந்தக் குழப்பத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினைத் தவறுதலாக அணைத்துவிட்டார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

என் சொந்தக் கதை இதைவிடச் சின்னது. வடக்கே ஒரு மலைப் பயிற்சியில் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே இருந்த முகட்டில் அஞ்சல் செய்கிற ரிலே செட் வைத்து, நானும் இன்னொரு பையனும் பதினொரு நாள் குந்தியிருந்தோம். ஐந்தாம் நாள் கீழே இருந்து தூக்கிவந்த பேட்டரி சார்ஜே ஏற்றாதது. முனையில் வெள்ளைப் பொரி பூத்திருந்ததைத் தூக்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இருந்த படைக் கம்பெனிகள் நாலரை மணி நேரம் ஊமை. பயிற்சிதான் என்பதால் திட்டோடு போனது. ரிலே என்றால் இதுதான், அது ஒன்று போனால் எல்லோருக்கும் சேர்ந்து போகும்.

கேள்வி: இதை முதலில் யார் ஆரம்பித்தது?
(வாசகர், சேரன்மகாதேவி)

முதல் என்று பட்டம் கட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த பழைய கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. ஜெர்மானியர் பிடித்திருந்த நாடுகளில் ஒளிந்திருந்த அமெரிக்க உளவாளிகள் மோர்ஸ் தட்டினால், தெருத்தெருவாகச் சுற்றுகிற தேடல் வண்டி வந்து பிடித்துவிடும். அதற்கு 'ஜோன்-எலினார்' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். உளவாளி கையில் அடங்குகிற செட்டு, 260 மெகாஹெர்ட்ஸ், சின்னப் பவர். மேலே 30,000 அடியில் ஒரு மஸ்கிட்டோ விமானம் வட்டமடிக்கும், அதன் வால் பக்கத்து இடுக்கில் ஒருவர் குறுகி உட்கார்ந்து, வருகிற பேச்சைக் கம்பிச் சுருளில் பதிவு செய்வார். அலை நேராக மேலே போகும், தரையில் தேடுகிறவனுக்குக் கேட்காது. 1944 நவம்பரில் ஹாலந்தில் இருந்த ஓர் உளவாளியோடு முதல் தடவை பேச்சு கிடைத்தது. அவர் மோர்ஸ் தட்டாமல் சாதாரணமாக வாயால் பேசினார் என்பதுதான் அதில் விசேஷம்.

வியட்நாம் போரில் இது தொழிற்சாலை அளவுக்குப் போனது. வடக்கு வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பிய காட்டு வழியான ஹோ சி மின் பாதையில் செடி மாதிரி வேஷம் போட்ட உணர்கருவிகளைக் காட்டில் போட்டார்கள், லாரி போனால் அவை சிணுங்கும். அந்தச் சிணுங்கலை மேலே இருந்த 'பேட்கேட்' விமானம் வாங்கி, தாய்லாந்தின் நக்கோன் பனோமில் இருந்த கணினி மையத்துக்கு அஞ்சல் செய்தது. பிறகு செலவைக் குறைக்க பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற சின்ன விமானத்தை ஆளில்லாமல் பறக்கவிடத் திட்டமிட்டார்கள். கடைசியில் நம்பிக்கை வராமல் ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்தே அனுப்பினார்கள். பாவம் அந்த ஆள்.

1976 ஜூலையில் இஸ்ரேல் உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் பணயக்கைதிகளை மீட்டபோது, ஒரு போயிங் 707 மேலே சுற்றிக்கொண்டே கட்டளை விமானமாக இருந்தது. நம்ம பக்கம் 1971 டிசம்பர் 5 காலையில், ராஜஸ்தான் எல்லையில் உள்ள லோங்கேவாலாவில் மேஜர் ஆத்மா சிங் கிருஷக் என்ற சின்ன விமானத்தில் பறந்து, ஜெய்சல்மேரில் இருந்து வந்த ஹண்டர் போர் விமானங்களுக்குப் பாகிஸ்தான் டாங்கிகளை வானொலியில் வழிகாட்டினார். அது அஞ்சல் வேலை இல்லை, கண் வேலை. ஆனால் மேலே ஒருத்தன் இருந்தால் கீழே எப்படி மாறும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சண்டை சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1961-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டி.சி.-6 விமானம் 23,000 அடியில் எட்டுப் போட்டுக்கொண்டே பல மாநிலப் பள்ளிகளுக்கு டி.வி.யில் பாடம் ஒளிபரப்பியது. வாத்தியார் மேலே போகவில்லை, டேப் போனது.

கேள்வி: எங்க ஊர்ப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கிற கடற்படை டவர், கடலுக்கு அடியில் இருக்கிற கப்பலோடு பேசும் என்கிறார்கள். அமெரிக்காக்காரன் அதையே விமானத்தில் வைத்திருக்கிறானாமே, உண்மையா அண்ணாச்சி?
(வாசகர், திசையன்விளை)

உண்மை. இந்த இதழிலேயே எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

அந்தக் கடற்படை நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-இல் தொடங்கப்பட்டது, 2014-இல் புதிய நிலையமும் சேர்ந்தது. அங்கே உள்ள கோபுரங்களில் 470 மீட்டருக்கு மேல் உயரமானவை உண்டு. நாங்குநேரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ராத்திரியில் சிவப்பு விளக்கு வரிசையாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ரேடியோ அலை கடல் தண்ணீரில் பட்டதும் செத்துவிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை, அதாவது 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ளதுதான், பத்து இருபது மீட்டராவது உள்ளே இறங்கும். ஆனால் 18 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளமே பதினாறரைக் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப அவ்வளவு பெரிய ஆன்டெனா வேண்டும், அதனால்தான் அத்தனை உயரமும் அத்தனை கம்பிகளும்.

இதில் ஒரு சிக்கல், கோபுரம் நகராது. பெரிய போர் வந்தால் முதல் அடி அங்கேதான் விழும் என்று அமெரிக்கக் கடற்படை பயந்து, கோபுரத்தின் வேலையை விமானத்திலிருந்து செய்கிற 'டகாமோ' என்ற திட்டத்தை 1961-இலேயே தொடங்கியது. இப்போது அதைச் செய்வது இ-6 மெர்குரி, போயிங் 707 உடம்பு. வால் பக்கத்தில் இருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளக் கம்பியைக் கீழே விடுவார்கள். எட்டு! கிட்டத்தட்ட அரை அலை நீளம், அதற்காகத்தான் அந்த நீளம். நேராகப் பறந்தால் கம்பி பின்னால் படுத்துவிடும், படுத்த கம்பியால் பயன் குறைவு. அதனால் விமானம் இறக்கையைச் சாய்த்து இறுக்கமாக வட்டமடிக்கும். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து சின்ன வட்டமாக வேகமாகச் சுற்றினால் அடிநுனி நடுவிலேயே தொங்குமே, கிணற்றடியில் வாளியை வைத்து இதைச் செய்து பார்க்காத பையன் உண்டா? அதே மாதிரி கம்பி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். விமானமே கோபுரத்தின் உச்சியாகிவிடும். அடியில் இருக்கிற நீர்மூழ்கி கேட்கும், அந்த வழியில் பதில் பேச முடியாது. எழுத்து எழுத்தாகத்தான் செய்தி போகும். ரஷ்யாவும் டியூ-142 விமானத்தில் ஒரு வகையை இதே வேலைக்கு, இதே தொங்கு கம்பியோடு வைத்தது.

கேள்வி: இந்த விமானத்தை எதிரி சுட்டுவிட மாட்டானா?
(வாசகர், வள்ளியூர்)

சுடுவான். அதனால்தான் தூரத்தில் நிற்கும், 400 கிலோமீட்டர் கண் இருக்கும்போது பக்கத்தில் போக வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானில் எதிரியிடம் அந்த உயரத்துக்கு எட்டுகிற ஏவுகணை இல்லை, அதனால் நிம்மதியாகச் சுற்றினார்கள். உக்ரைனில் அது நடக்காது. அங்கே இரண்டு தரப்புமே சின்ன ட்ரோன்களில் ரிப்பீட்டர் வைத்து மேலே நிறுத்தி, தாழப் பறக்கிற தாக்குதல் ட்ரோன்களுக்கு சிக்னல் கொடுக்கிறார்கள். போனால் போகட்டும், இன்னொன்று ஏற்றலாம்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் டவர் எல்லாம் படுத்து, பெற்ற மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவித்தோம். அப்போது இந்த மாதிரி ஒரு விமானத்தை விட்டிருக்கக் கூடாதா?
(வாசகி, ஏரல்)

அம்மா, அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோய், ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள்.

விடலாம் என்பதுதான் பதில். 2017-இல் புவேர்ட்டோ ரிக்கோவைப் புயல் துடைத்துப் போட்டபோது, கூகுளைச் சேர்ந்த 'லூன்' பலூன்கள் 20 கிலோமீட்டர் உயரத்தில் நின்று செல்போன் சிக்னல் கொடுத்தன. செலவு கட்டுப்படியாகாமல் 2021-இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதே தீவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் வேறு ஒன்று செய்தது: கயிற்றில் கட்டிய ட்ரோன். கயிற்றுக்குள்ளேயே மின்சாரமும் போகும், அதனால் பேட்டரி தீர்ந்து இறங்க வேண்டியதில்லை. உயரம் சுமார் 60 மீட்டர்.

அறுபது மீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள், 32 கிலோமீட்டர் வருகிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், காயல்பட்டினம் எல்லாம் தாமிரபரணிக் கழிமுகத்துச் சமதரை, வாழையும் பனையும்தான் மறைப்பு. நம்ம கிழக்குப் பக்கத்துக்கு விமானம் வேண்டியதே இல்லை, நனையாத மேட்டில் ஒரு லாரி, ஒரு ஜெனரேட்டர், கயிறு கட்டின ட்ரோன் இருந்தால் பெரும்பகுதி சமாளிக்கலாம். மாஞ்சோலைப் பக்கம் மலை சரிந்தால்தான் உண்மையில் விமானம் தேவைப்படும். மாவட்ட நிர்வாகம் வருஷா வருஷம் அக்டோபரில் நடத்துகிற பருவமழை ஆயத்தக் கூட்டத்தில், உங்கள் ஊராட்சித் தலைவரை இதை ஒரு மனுவாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. மேலே எதை ஏற்றினாலும் உங்கள் கையில் இருக்கிற போனில் சார்ஜ் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளில் பாதிப் பேருக்கு அதுதான் முதலில் போனது.

கேள்வி: இதெல்லாம் படித்துவிட்டு மகன் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவுக்குத்தான் போவேன் என்கிறான். அனுப்பலாமா?
(வாசகர், முக்கூடல்)

தாராளமாக. சிக்னல்ஸ் பயிற்சி மையம் இருக்கிற ஜபல்பூரில் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள், சாப்பாட்டில் மட்டும் சப்பாத்திக்குப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். மலையில் பேட்டரி தூக்கக் கொடுத்தால் வாங்குவதற்கு முன்னால் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.